4.3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மலேசிய மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாடத்தொகுதி முடிந்த அன்று மாலையே மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்து விழும். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. பாதிப் பேர் நிரப்புவார்கள். சராசரி 4.3 வரும். அந்த எண் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடில் தலைகாட்டும், கூட்டக் குறிப்பில் ஏறும், மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் தணிக்கைக்கு வைத்திருக்கும் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு 4.2 வரலாம், 4.4 வரலாம். எது வந்தாலும் யாரும் எதையும் மாற்றப்போவதில்லை.

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் அந்தக் கோப்பு யாருக்காவது நினைவுக்கு வரும். "நாலு வருஷ ஃபீட்பேக் கையில இருக்கே, ஒரு பேப்பராப் போட்டுடலாமே?" போட முடியாது. எந்தக் கேள்வியையும் மனத்தில் வைத்துச் சேகரித்த தரவு இல்லை அது. திட்ட மதிப்பாய்வு ஆய்வுப் பணியாக உருவெடுக்குமா என்பது முதல் வகுப்புக்கு மூன்று மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். மாணவரைத் தேர்வில் அளப்பதையும் மதிப்பீடு என்கிறோம், பாடத்திட்டத்தை எடைபோடுவதையும் மதிப்பீடு என்கிறோம். மலாய்க்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள்: மாணவரை அளப்பது பென்தக்சிரான், திட்டத்தை எடைபோடுவது பெனிலாயான். தமிழில் முன்னதற்கு மதிப்பீடு என்றும் பின்னதற்கு மதிப்பாய்வு என்றும் வைத்துக்கொள்கிறேன். வெறும் சொல் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. மாணவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள், ஆகவே திட்டம் நன்றாக இருக்கிறது என்ற முடிவு இந்தக் குழப்பத்தில் பிறப்பதுதான். கெட்டிக்கார மாணவர்கள் மோசமான திட்டத்தையும் தாண்டித் தேறுவார்கள்.

ஆய்வுப் பணி என்பதற்கு அளவுகோல் என்ன? அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இல் புலமைப் பணியை நான்காகப் பிரித்தார்: கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடப்பதும் புலமைதான் என்று பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ள அது வழி திறந்தது. லீ ஷுல்மன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: பொதுவில் வைக்க வேண்டும், சக அறிஞர் சோதிக்க இடம் தர வேண்டும், பிறர் அதன்மேல் கட்டியெழுப்ப முடிய வேண்டும். 1997இல் கிளாசிக்கும் அவருடைய சகாக்களும் ஆறு அளவுகோல்கள் வைத்தார்கள். தெளிவான இலக்கு, போதிய முன்தயாரிப்பு, பொருத்தமான முறை, பொருட்படுத்தத்தக்க முடிவு, நல்ல முன்வைப்பு, தன்மீதே விமர்சனம். இந்த ஆறில் நம்மூர் மதிப்பாய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதில். இதே வேலையை வேறு யார் செய்திருக்கிறார்கள், அவர்களுக்கு எது விளங்காமல் போனது என்று தேடிப் படிக்காமலே படிவம் தயாராகிவிடுகிறது.

ஒரு கற்பனைத் திட்டம்

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. ஒரு திட்டத்தை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை. கோலாலம்பூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, மூன்றாம் ஆண்டில் 48 மாணவர்கள். எட்டெட்டுப் பேராக ஆறு குழுக்கள். ஒரு குழுவுக்கு எட்டு வாரம் என்று சுழற்சி, 48 வாரத்தில் எல்லாரும் முடித்துவிடுவார்கள். தமிழ் மட்டுமே பேசும் முதிய நோயாளியிடம் நோய் வரலாறு கேட்கக் கற்றுத்தரும் தொகுதி இது, இரண்டு மணி நேர அமர்வுகள் நான்கு. மலாய் மாணவர், சீன மாணவர், தமிழ் தெரிந்த மாணவர், பெயருக்குத் தமிழராக இருந்து வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர் என்று வகுப்பில் எல்லாரும் உண்டு.

இந்தத் திட்டம் "வேலை செய்ததா?" என்று கேட்பது பலருக்கும் முதலில் தோன்றும். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. யாருக்கு வேலை செய்தது? எந்தப் பகுதி? எந்தச் சூழலில்? ஏன்? குக், போர்டாஜ், ஷ்மிட் மூவரும் 2008இல் மருத்துவக் கல்விச் சோதனை ஆய்வுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். இதைச் செய்தோம் என்று விவரிப்பவை, செய்தது பலித்தது என்று நிறுவுபவை, எப்படி ஏன் பலித்தது என்று துலக்குபவை. மூன்றாம் வகைதான் ஆக அரிது. ஆனால் பினாங்கில் ஒருவர் ஹொக்கியன் என்ற சீன மொழியில் இதே போன்ற தொகுதி நடத்த நினைத்தால் அவருக்குக் கைகொடுப்பது அந்த மூன்றாம் வகை மட்டும்தான்.

யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்?

மதிப்பாய்வு அறிஞர் மைக்கேல் குவின் பேட்டன் 1970களிலிருந்து சொல்லிவருவது இது: மதிப்பாய்வைப் பயன்படுத்தப்போகிறவரை முதலில் பிடி. நம் எடுத்துக்காட்டில் அவர் யார்? மூன்றாம் ஆண்டு ஒருங்கிணைப்பாளர். அவர் எடுக்க வேண்டிய முடிவு: அடுத்த ஆண்டு இந்த எட்டு மணி நேரத்தை வைத்துக்கொள்வதா, நான்காகக் குறைப்பதா, விருப்பப் பாடமாக மாற்றுவதா. எப்போது? கால அட்டவணை உறுதியாகும் கூட்டத்தில். உங்கள் அறிக்கை அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து வந்தால் அது எவ்வளவு செம்மையாக இருந்தாலும் குப்பை.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. தரவு எதையும் சேகரிக்கும் முன்பே முடிவு அட்டவணைகளை வெறும் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். வரிசைத் தலைப்பு, நிரல் தலைப்பு, கட்டங்கள் காலி. அதை ஒருங்கிணைப்பாளரிடம் காட்டி, "இந்தக் கட்டத்தில் 80 வந்தால் என்ன செய்வீர்கள், 40 வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். இருபது கேள்விப் படிவம் ஏழு கேள்வியாக இளைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்தது தர்க்க வரைபடம், திட்டம் எப்படிப் பலிக்கும் என்று காட்டும் படம். இடப்பக்கம் வளங்கள்: இரண்டு பயிற்றுநர், ஆறு மாதிரி நோயாளிகள் (நோயாளியாக நடிக்கப் பழகியவர்கள்), மூன்று அறை. அடுத்து நடவடிக்கைகள், அவற்றின் நேரடி வெளிப்பாடுகள், பிறகு விளைவுகள். இந்தப் படத்தை எல்லாரும் வரைகிறார்கள். மானியப் படிவமே கேட்கிறது. ஆனால் பெட்டிகளை விட முக்கியமானவை அவற்றுக்கு நடுவிலுள்ள அம்புகள். ஒவ்வொரு அம்பும் ஓர் அனுமானம். வகுப்பில் மாதிரி நோயாளியிடம் பழகியவர் வார்டிலும் தமிழில் பேச முனைவார் என்பது ஓர் அம்பு. அது நடக்க வார்டில் நேரம் வேண்டும், மூத்த மருத்துவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும், படுக்கையில் தமிழ் நோயாளி இருக்க வேண்டும். அம்புக்குக் கீழே இவற்றை எழுதிவைத்தால் எதை அளக்க வேண்டும் என்று படமே சொல்லிவிடும். எட்டு வாரத்தில் ஒரு தமிழ் நோயாளியைக்கூடச் சந்திக்காத மாணவரிடம் நடத்தை மாற்றம் தேடிப் பயனில்லை. ஆகவே மாணவர் வார்டில் செய்ததைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் ஒரு நிரல் சேருங்கள்: தமிழ் பேசும் நோயாளியைக் கிளார்க் செய்த, அதாவது வரலாறு கேட்டுக் குறிப்பெழுதிய, எண்ணிக்கை.

மதிப்பாய்வு மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டொனால்ட் கிர்க்பேட்ரிக்கின் நான்கு படிகள் 1959இலிருந்து புழங்குகின்றன: மனநிறைவு, கற்றல், நடத்தை, விளைவு. தொழில்துறைப் பயிற்சிக்காக வந்தவை. எதை அளந்தோம் என்று வகைப்படுத்த வசதி, ஏன் நடந்தது என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. மாணவர் மகிழ்ந்தால் கற்பார், கற்றால் மாறுவார் என்ற ஏணி மனத்தில் தங்கிவிடுவதும் ஓர் ஆபத்து. ஸ்டஃபில்பீம் வகுத்த சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைபயன் என்ற நான்குமுனைச் சட்டகம் பல ஆண்டு ஓடும் திட்டங்களுக்கு ஏற்றது. சூழலுக்கு அதில் தனி இடம் இருப்பது எனக்குப் பிடிக்கும். செராசில் இருக்கும் மருத்துவமனையும் ஜார்ஜ்டவுனில் இருக்கும் மருத்துவமனையும் ஒரே சூழல் இல்லை. படிப்பின் முதல் கட்டத்தை டப்ளினில் முடித்துவிட்டுப் பினாங்குக்கு வரும் மாணவருக்கு இங்கத்தைய வார்டுப் பேச்சே புதிது. எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் அதைத் தேர்ந்த காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். ஃபிரையும் ஹெம்மரும் 2012இல் எழுதிய ஏ.எம்.இ.இ. என்ற மருத்துவக் கல்விச் சங்கத்தின் வழிகாட்டி 67 இந்தத் தேர்வுக்கு நல்ல துணை.

சுழற்சி ஒரு வரம்

ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதுதான் பலரும் சொல்லும் குறை. எல்லா மாணவருக்கும் சமமாகக் கற்பிக்க வேண்டும், பாதிப் பேருக்கு மறுக்க முடியாது. சரி. ஆனால் ஆறு குழுவும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. 24ஆம் வாரத்தில் மூன்று குழுக்கள் தொகுதியை முடித்திருக்கும், மூன்று குழுக்கள் இன்னும் தொட்டிருக்காது. காத்திருக்கும் குழுதான் ஒப்பீட்டுக் குழு.

ஆகவே 48 பேரையும் 0, 24, 48ஆம் வாரங்களில் ஒரு ஓஸ்கி நிலையத்தில், அதாவது மாதிரி நோயாளியை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வில், உட்கார வையுங்கள். நிலையம் 8 நிமிடம், மாற 2 நிமிடம். மூன்று அறை இணையாக ஓடினால் அறைக்கு 16 பேர், 160 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓர் அரை நாள் போதும். முதல் குழு எட்டாம் வாரத்திலேயே முடித்திருக்கும் என்பதால், 24ஆம் வாரத் தேர்வு அவர்கள் 16 வாரம் கழித்து எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன. முதல் குழி, குழுப் பிரிப்பு. அலுவலகம் அகர வரிசையில் பிரித்தால் ஒரே இனப் பெயர்கள் ஒரே குழுவில் சேர வாய்ப்பு உண்டு, தமிழ் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் குவிந்துவிடுவார்கள். வீட்டில் தமிழ் பேசுவோர், பேசாதோர் என்று இரண்டு பட்டியல் போட்டு ஒவ்வொன்றிலிருந்தும் குலுக்கல் முறையில் பிரிக்கச் சொல்லுங்கள். ஆண்டு தொடங்கும் முன் கேட்டால் அலுவலகம் செய்துதரும், தொடங்கிய பிறகு கேட்டால் திட்டு விழும்.

இரண்டாவது குழி, மாதிரி நோயாளிக்கு ஒரே நோய்க் கதையைத் திரும்பத் தருவது. மூன்று கதைகள் எழுதுங்கள், அறைக்கு ஒன்று. ஒவ்வொரு மாணவரும் மூன்று தடவையில் மூன்று கதையையும் வெவ்வேறு வரிசையில் சந்திக்கட்டும். அப்போது ஒரு கதை மற்றதைவிடக் கடினமாக இருந்தாலும் அந்தக் கடினம் எல்லா வாரத்துக்கும் சமமாகப் பங்காகும்.

மூன்றாவது குழி, எண்ணிக்கை. 24 பேருக்கு எதிரே 24 பேர் என்றால், 80 விழுக்காடு வலுவோடு, அதாவது பத்தில் எட்டுத் தடவை பிடிபடும் வாய்ப்போடு, கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் ஏறத்தாழ 0.8 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு). பெரிய வித்தியாசம் மட்டும்தான் கண்ணில் படும் என்று பொருள். தொடக்க மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்து அன்கோவா என்ற புள்ளியியல் கணக்கைச் செய்தால், இரண்டு தேர்வுக்கும் ஒட்டுறவு 0.6 இருக்கும் பட்சத்தில், அது 0.65 அளவுக்கு இறங்கும். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்: ஒரு குழுவில் எட்டுப் பேரும் ஒரே பயிற்றுநரிடம் படித்தவர்கள், ஆகவே 48 தனி மனிதர் என்பது கொஞ்சம் மிகைக் கணக்கு.

எதை அளப்பது

இந்த இடத்தில்தான் பாடம் தெரிந்தவர் கை தெரியும். மதிப்பெண் பட்டியலில் "தமிழில் சரளமாகப் பேசினார்" என்று எழுதினால் சரளத்தைத்தான் அளப்பீர்கள். நோய் வரலாறு சரியாகக் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

"மயக்கமா வருது" என்று பாட்டி சொன்னால் அது தலைசுற்றலா, கண் இருட்டுவதா, நினைவே தப்பி விழுவதா? மூன்றுக்கும் அந்த ஒரு சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. மாணவர் அதைப் பிரித்துக் கேட்டாரா என்பது ஒரு மதிப்பெண். "வாயு பிடிச்சிருக்கு" என்று நெஞ்சைத் தொட்டால் அதைச் செரிமானக் கோளாறு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தாரா, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என்று கேட்டாரா என்பது இன்னொரு மதிப்பெண். நீரிழிவு என்று கேட்டால் நம்மூர் முதியவர் பலர் விழிப்பார்கள், இனிப்பு நீர் என்றால் உடனே புரியும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவர் இந்த இடத்தில் தடுக்கிவிழுவதும், சீன மாணவர் தொகுதியில் கற்ற சொல்லைச் சரியாகப் போட்டுத் தப்பித்துவிடுவதும் நடக்கக்கூடியதே. எழுபது வயதுக்காரரிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பதா, "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதா என்பதற்கும் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். மரியாதை விகுதி தவறினால் நோயாளி வாயை மூடிக்கொள்வார், அதோடு வரலாறும் நின்றுவிடும்.

பட்டியலில் 12 முதல் 15 உருப்படி, அதோடு ஒட்டுமொத்தத் தீர்ப்பாக ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று. வெறும் பட்டியலாக வைத்தால் கேள்விகளை மனப்பாடமாகக் கொட்டுபவர் ஜெயித்துவிடுவார். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, தேதியை நீக்கி, எண்ணிட்டுக் கலக்கி, மாணவர் தொகுதியை முடித்தவரா இல்லையா என்று தெரியாத ஒருவர் மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 144 பதிவுகள். அதில் ஐந்தில் ஒரு பங்கை, சுமார் 29ஐ, இரண்டாமவரும் தனியாகத் திருத்தட்டும். இருவருக்கும் உள்ள ஒத்திசைவை உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு என்ற புள்ளியியல் எண்ணாகக் கொடுங்கள். முதல் பத்துப் பதிவிலேயே ஒத்திசைவைப் பார்த்துவிடுவது நல்லது. கடைசியில் பார்த்தால் திருத்த வழியில்லை. மாதிரி நோயாளிகளை ஒரே மேசையில் உட்கார வைத்து, கதையை ஒன்றரை மணி நேரமாவது பழக்க வேண்டும். இல்லாவிட்டால் இரக்கப்பட்டுக் கேட்காத தகவலையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நம் பாட்டிமாருக்குப் பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காது.

தன்னம்பிக்கையையும் அளக்க நினைப்பீர்கள். "தமிழில் வரலாறு கேட்க எனக்கு எவ்வளவு திறன் உண்டு?" என்று முன்னும் பின்னும் கேட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். முன்பு 4 போட்டவர் பின்பு 3 போடுவார். திறமை குறைந்துவிடவில்லை, தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அளவுகோலே மனத்துக்குள் நகர்ந்துவிட்டது. ஹோவர்ட் 1979இலேயே இதை எழுதிவிட்டார். தொகுதி முடிந்த பிறகு, "இப்போது எவ்வளவு, தொடங்கும்போது உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும்?" என்று இரண்டையும் ஒருசேரக் கேட்பது ஒரு தீர்வு. அதற்கும் குறை உண்டு: முன்னேறியதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை. ஓஸ்கி மதிப்பெண்ணை அருகில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

படிவத்தின் பாவங்கள்

"விரிவுரையாளர் தெளிவாகவும் ஆர்வத்தோடும் கற்பித்தார்" என்பது இரண்டு கேள்வி. தெளிவு உண்டு, ஆர்வம் இல்லை என்றால் எதைக் குறிப்பது? மதியச் சாப்பாடு காத்திருக்கும்போது படிவம் நீட்டினால் எல்லாக் கட்டத்திலும் 4 விழும், நேர்கோடு போட்டது போல. அமர்வுக்குள்ளேயே ஏழு நிமிடம் ஒதுக்குங்கள், பயிற்றுநர் வெளியே போய்விடட்டும்.

பதில் தராதவரைப் பற்றி ஒரு கணக்கு. 48இல் 30 பேர் பதில் தந்தார்கள், அதில் 27 பேருக்குத் திருப்தி என்று வையுங்கள். 90 விழுக்காடு என்று எழுதுவோம். பதில் தராத 18 பேரும் அதிருப்தியாளர் என்றால் உண்மை 56 விழுக்காடு, எல்லாரும் திருப்தியாளர் என்றால் 94. அந்த 18 பேர் யார், வருகைப் பதிவு குறைந்தவர்களா, கடைசிக் குழுவா என்று பார்த்து ஒரு வரி எழுதாத அறிக்கையை நான் நம்பமாட்டேன். சராசரியை மட்டும் தராமல் பகிர்வைத் தாருங்கள். எல்லாரும் 3 போட்டாலும் சராசரி 3தான், பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டாலும் அதேதான். பின்னதில்தான் கதை இருக்கிறது.

அந்தக் கதையைக் கேட்க நேர்காணல் வேண்டும். எல்லாரையும் கூப்பிடத் தேவையில்லை. ராபர்ட் பிரிங்கர்ஹோஃப் வழியில், மதிப்பெண் மிக ஏறிய மூவர், ஏறாத மூவர் என்று இரு முனைகளையும் பிடியுங்கள். அவர்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒருவர் பேச வேண்டும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சை எழுத்தாக்குவது சாதாரண வேலை இல்லை. ஒரு மணிப் பதிவுக்கு ஆறு மணிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். பேசியதைப் பேசியபடியே எழுதி, குறியீடு இட்ட பிறகு மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்ப்பது நல்லது. முதலிலேயே ஆங்கிலமாக்கிவிட்டால் "ஏதோ சமாளிச்சேன் லா" என்பதில் இருக்கும் தயக்கம் காணாமல் போய்விடும்.

எதிர்பாராத விளைவைத் தேட மறக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அரைகுறைத் தமிழ். எட்டு மணி நேரம் கற்றவர் மொழிபெயர்ப்பாளரையோ தமிழ் தெரிந்த தாதியையோ கூப்பிடுவதை நிறுத்திவிடலாம். வரலாறு கேட்பதோடு நின்றால் பரவாயில்லை, அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும் அளவுக்குத் துணிவு வந்தால்? ஆகவே ஒரு கதையில், மாணவரின் தமிழுக்கு எட்டாத ஒரு கட்டம் வேண்டுமென்றே வைத்து, அங்கே அவர் உதவி கேட்கிறாரா என்று பாருங்கள். தொகுதிக்குப் பின் உதவி கேட்பது குறைந்தால் அது திட்டத்தின் தீங்கு. கட்டுரையில் அதற்குத்தான் அதிக மதிப்பு.

நோயாளி நலம் என்ற கிர்க்பேட்ரிக்கின் நான்காம் படி வரை போக ஆசை இருக்கும். நம் நாட்டில் பட்டம் பெற்றவர் இரண்டு ஆண்டு ஹவுஸ்மன்ஷிப் என்ற பயிற்சி மருத்துவப் பணியில் நான்கு மாதத்துக்கு ஒரு போஸ்டிங் என்று ஆறு துறை சுற்றுகிறார், அதுவும் எந்த மாநிலத்திலோ. மூன்றாம் ஆண்டில் கற்ற எட்டு மணி நேரத்துக்கும் அங்கே ஒரு நோயாளி குணமானதற்கும் கோடு இழுக்க முடியாது. ஜான் மேய்ன் சொல்வது போல, "இதனால்தான் நடந்தது" என்பதை விட்டுவிட்டு, "இதற்கும் பங்குண்டா?" என்று கேட்பது நேர்மை. கிட்டத்தில் இருப்பது போதும்: பெட் ஹெட் டிக்கெட் என்ற வார்டுக் குறிப்பேட்டில் நோயாளியின் மொழியும், யார் மொழிபெயர்த்தார் என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறதா?

அனுமதி

நோயாளிக் குறிப்பைத் தொட்டாலே நெறிமுறைக் குழு வந்துவிடும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்.எம்.ஆர்.ஆர்.இல் பதிந்து, அமைச்சின் எம்.ஆர்.இ.சி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு அவற்றுக்கென்று நெறிமுறைக் குழுக்கள் உண்டு. "இது தர மேம்பாடுதானே, அனுமதி எதற்கு?" என்று விட்டுவிட்டு, கட்டுரை எழுதும்போது அலைவது வழக்கமான விபத்து. முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். விலக்கு உண்டு என்று குழு சொன்னால் அதைக் கடிதமாக வாங்கி வையுங்கள். இதழ் கேட்கும்.

மாணவரின் ஒப்புதலை அவருக்குப் பாடம் எடுப்பவர் வாங்கக் கூடாது. அலுவலக ஊழியர் ஒருவர் வாங்கி, உறையிட்டுப் பூட்டி, இறுதி மதிப்பெண் வெளியான பிறகே உங்களிடம் தரட்டும். இன்னொன்று: எட்டுப் பேர் குழுவில் தமிழ் பேசும் ஆண் ஒருவர்தான் என்றால், "தமிழ் பேசும் ஆண் மாணவர்" என்று அட்டவணையில் போட்டாலே பெயரைப் போட்டது போலத்தான்.

எழுதுவதும் அனுப்புவதும்

கல்வித் திட்டங்களை அங்கீகரிக்க எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் கொப்பா வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் ஏழு பகுதிகள். கடைசிப் பகுதி முழுக்கத் திட்டக் கண்காணிப்பும் மறுஆய்வும் பற்றியது. எப்படியும் சேகரிக்கும் தரவு அது, அதையே பயன்படுத்துங்கள். ஆனால் தணிக்கை கேட்பது "தரத்தை எட்டினீர்களா?" என்று. இதழாசிரியர் கேட்பது "இதிலிருந்து எங்கள் வாசகருக்கு என்ன?" என்று. ஒரே கோப்பை இருவருக்கும் அனுப்ப முடியாது.

முறையியல் எந்த அளவில் நிற்கிறது என்று அனுப்பும் முன் நீங்களே பார்க்க, ரீட் குழுவினர் 2007இல் வெளியிட்ட மெர்ஸ்கி அளவுகோல் இருக்கிறது. பத்து உருப்படி, உச்சம் 18. ஒரே கல்லூரி, முடிவில் மட்டும் ஒரு மனநிறைவுப் படிவம், 60 விழுக்காட்டினர் பதில், சராசரி மட்டும்: 6.5 தேறும். மேலே சொன்ன வடிவமைப்பு, குலுக்கலோடும் 75 விழுக்காட்டுக்கு மேல் பங்கேற்போடும், 14.5 வரை போகும். கூடுதல் செலவு மூன்று அரை நாளும் ஒலிப்பதிவைத் திருத்தும் உழைப்பும். எண்சார்ந்த ஆய்வுக்கு மட்டுமே அது பொருந்தும். கேள்வி கேட்கத் தகுந்ததா என்பதை மெர்ஸ்கி அளக்காது, அது உங்கள் பொறுப்பு.

யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் எஜுகேஷன் இன் மெடிசின் ஜர்னல், மலேசிய மருத்துவச் சங்கத்தின் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா இரண்டும் உள்ளூர்ச் சூழல் தெரிந்தவை. கற்பித்தல் பொருள்களை முழுமையாக வெளியிட மெட்எட்போர்ட்டல் இருக்கிறது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலைப் பார்த்து இதழைத் தேர்ந்து, பிறகு அதற்கேற்பக் கேள்வியை வளைப்பவர்களும் இருக்கிறார்கள். பதவி உயர்வு விதி அப்படி, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடிவு வந்தால்? செயல்முறைத் தரவு கையில் இருந்தால் அதுவும் கட்டுரைதான். நான்கில் எத்தனை அமர்வு உண்மையில் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், லாக்புக்கில் எத்தனை தமிழ் நோயாளி. நடத்தாத பாடம் பலிக்கவில்லை என்பதும், ஒழுங்காக நடத்திய பாடம் பலிக்கவில்லை என்பதும் வேறு வேறு செய்தி. வருகைப் பதிவை வைக்காதவர் இரண்டில் எதையும் சொல்ல முடியாமல் நிற்பார்.

தொகுதியை விவரிக்கும் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். யார், எதை, எங்கே, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், நடுவில் எதை மாற்றினீர்கள் என்று 12 உருப்படிகளாகக் கேட்கும் டைடியர் பட்டியல் 2014இல் வந்தது, அதை வரிக்கு வரி நிரப்பலாம். மூன்று கதைகளையும் மதிப்பெண் பட்டியலையும் இணைப்பாகத் தாருங்கள். நோயாளி பேசும் வரிகளைத் தமிழ் எழுத்திலும், மலாய் எழுத்துக்கூட்டலில் ஒலிபெயர்த்தும், பொருளோடும் மூன்று நிரலாகப் போட்டால், தமிழ் படிக்கத் தெரியாத பயிற்றுநரும் எடுத்து நடத்தலாம்.